எந்த வீட்டுப் புழு

பிளேஸ்டோ
10.01.2025, வெள்ளி

ஜெனோசனுக்கு,

நமக்கிடையில் சமரசம் பேசுகிற மீடியேற்றர் அம்மா சொன்னபடி இந்தக் கொப்பியை வாங்கிவிட்டேன். வாட்ஸப்பில் எழுதினால் நீங்கள் அதைப் படம் எடுத்து உங்கள் வழக்குப் பார்க்கிற சொலிசிற்றருக்கு அனுப்புகிறீர்கள். போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே கத்தத் தொடங்கிவிடுகிறோம். ஆகவே மரினாவைப் பற்றிச் சொல்ல வேண்டியதை நான் வெள்ளிக்கிழமைகளில் எழுதி அவளுடைய பைக்குள் வைப்பேன். ஞாயிறு மாலை அவளைக் கொண்டுவந்து விடும்போது உங்கள் பதிலை அதே பையில் வையுங்கள். பிள்ளையைப் பற்றி மட்டும்தான் எழுத வேண்டும். தமிழிலேயே எழுதுவோம். எட்டு வயதாகியும் தன் பெயரில் எந்த ர, எந்த ன என்று தெரியாதவள் இதை வாசிக்கப் போவதில்லை.

செவ்வாய்க்கிழமை தலை இழுத்துப் பின்னிவிடும்போது அவளுடைய வலது காதுக்குப் பின்னால் ஒரு வட்டம் கண்டேன். இரண்டு பவுண் குத்திக்காசு அளவு இருக்கும். அதில் ஒரு மயிர்கூட இல்லை. தோல் வழுவழுப்பாக இருக்கிறது. சிவக்கவும் இல்லை, உரியவும் இல்லை. நோகிறதா என்று கேட்டேன், இல்லை என்றாள். என் கை அந்த இடத்திலேயே நின்றுவிட்டதால் தானும் தடவிப் பார்த்தாள்.

சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். நத்தார் விடுமுறையில் பத்து நாள் உங்களோடுதானே இருந்தாள். அங்கே விழுந்தாளா? புதிதாக ஏதாவது ஷாம்பூ, எண்ணெய் வைத்தீர்களா? யாராவது ஏசினீர்களா?

22ஆம் திகதி ஜீபி டொக்டரிடம் போகிறோம். அதுவரை தலையைத் தளர்வாகப் பின்னிவிடுங்கள், வட்டம் தெரியாது. உங்கள் அக்காவுக்குக் காட்ட வேண்டாம். அவர் கண்டால் ஞாயிறு பூசை முடிவதற்குள் ஸ்ட்ரெதமில் பாதிப் பேருக்குத் தெரிந்துவிடும்.

றொசாந்தி


ஸ்ட்ரெதம்
12.01.2025, ஞாயிறு

றொசாந்திக்கு,

கொப்பி வாங்கியதற்கு நன்றி. முதல் பக்கத்திலேயே என்னைக் கூண்டில் ஏற்றிவிட்டீர். மிச்சம் எழுபத்தொன்பது பக்கங்களுக்கும் என்ன மிச்சம் வைத்திருக்கிறீரோ தெரியவில்லை.

இங்கே அவள் விழவில்லை. யாரும் ஏசவில்லை. யாரும் ஒன்றும் பூசவும் இல்லை, அதாவது நேற்றுக் காலை வரைக்கும். நேற்று நான் குளித்துவிட்டு வருவதற்குள் கிளறிற்றா அக்கா அவளுடைய பின்னலை அவிழ்த்துவிட்டார். “இது புழுவெட்டெல்லோ தம்பி, உனக்குக் கண் தெரியேல்லையே?” என்றார். சின்ன வெங்காயத்தை இரண்டாக வெட்டி அந்த இடத்தில் தேய்த்தார். ஊரில் எல்லோருக்கும் அப்படித்தான் இது மாறிச் சுகமானதாம். மரினா கண் எரியுது என்று அழுதாள். நான் போய் நிற்பாட்டினேன். இதை நீர் அவள் வாயால் கேட்பதைவிட என் கையால் வாசிப்பது நல்லது என்று எழுதுகிறேன்.

இப்போது என்னுடைய கேள்வி. நீர் காலை ஷிப்டுக்குப் போகிற நாட்களில் அவளுக்குத் தலை இழுத்துவிடுவது யார்? கீழ்வீட்டுப் பெட்டை. பின்னலைக் கயிறு முறுக்குவதுபோல் முறுக்கிவிடுகிறாள், பிள்ளையின் புருவமே மேலே ஏறி நிற்கிறது. நான் பஸ் ஓட்டுகிறவன், எனக்கு வைத்தியம் தெரியாது. ஆனால் இந்தப் புழுவெட்டு உம்முடைய வீட்டில்தான் தொடங்கியிருக்கிறது. நத்தாருக்கு வரும்போதே இருந்திருக்கும், நான்தான் கவனிக்கவில்லை.

ஜெனோசன்


பிளேஸ்டோ
24.01.2025, வெள்ளி

ஜெனோசனுக்கு,

13ஆம் திகதி திங்கட்கிழமை பிள்ளை வெங்காய மணத்தோடு பள்ளிக்கூடம் போனாள். நான் இரண்டு தரம் தலை முழுகவைத்தும் போகவில்லை. பக்கத்தில் இருக்கிற பிள்ளை கதிரையைத் தள்ளிப் போட்டாளாம். உங்கள் அக்காவுக்கு என் சார்பில் நன்றி சொல்லிவிடுங்கள்.

ஜீபி பார்த்தார். பிள்ளைகளுக்குத் தலைமயிர் உதிர நாலைந்து காரணம் இருக்கிறதாம். இறுக்கிப் பின்னுவதாலும் உதிருமாம் (எழுதிவிட்டேன், சந்தோஷப்படுங்கள்), ஆனால் அப்படியென்றால் நெற்றியோரம்தான் முதலில் குறையுமாம். இது வட்டமாக இருப்பதால் வேறு ஏதோ. முதலில் ரிங்வேர்ம் இல்லை என்று உறுதிப்படுத்த வேண்டும் என்று நேர்ஸ் தோலைச் சுரண்டி எடுத்து லாபுக்கு அனுப்பினார். அது நம்முடைய படர்தாமரை மாதிரி ஒரு பங்கசு, பூஞ்சணம். தொற்றக்கூடியது. பதில் வரும்வரை சீப்பு, துவாய், தொப்பி எல்லாம் தனியாக வைக்கச் சொன்னார்கள். அது அப்படித் தொற்றியதுதான் என்றால் எங்கிருந்து வந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை. உங்கள் வீட்டில் ஒரே சீப்புத்தான், அதுவும் அக்காவுடையது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மரினா எனக்குப் பக்கத்தில் இருந்தாள். எப்போதும் ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு வருகிறவள், அன்றைக்கு எதிலும் தலை படாமல் நிமிர்ந்தே இருந்தாள். என்ன பிள்ளை என்று கேட்டேன். “ஒண்டுமில்லை” என்றாள்.

எனக்குப் பயமாக இருக்கிறது. இதை எழுதக்கூடாது என்று நினைத்தேன், எழுதிவிட்டேன்.

றொசாந்தி


ஸ்ட்ரெதம்
09.02.2025, ஞாயிறு

றொசாந்திக்கு,

இன்னொரு இடம் வந்துவிட்டது. உச்சிக்குச் சற்று இடப்பக்கம். இது வட்டமாக இல்லை, கோழி கொத்தியதுபோல் ஒழுங்கில்லாமல் இருக்கிறது. அவளுடைய கோட்டுப் பைக்குள் ஒரு டிஷ்யூ சுருட்டி வைத்திருந்தாள். பிரித்தால் உள்ளே தலைமயிர், ஒரு பிடி இருக்கும். இது என்ன என்று கேட்டேன். குப்பையில் போட மறந்துவிட்டேன் என்றாள்.

நேற்று இன்னொன்றும் கேட்டாள். “அப்பா, எனக்கு மொட்டை அடிச்சு விடுவீங்களே? வெட்டினா அது போயிடும் என்ன?” எது போகும் என்று கேட்டேன். தோளை உயர்த்திவிட்டுப் போய்விட்டாள். பள்ளிக்கூடத்தில் யாரோ பகிடி பண்ணியிருக்க வேண்டும்.

ஒரு நல்ல செய்தி, கொப்பியில் அதுவும் இருக்கட்டும். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் சந்திரவதனா ரீச்சர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். மரினா திடீரென்று வாசிப்பில் முன்னேறிவிட்டாளாம். சொற்களுக்கு அர்த்தம் கேட்டுத் துளைக்கிறாளாம். வீட்டில் யார் வாசிக்கப் பழக்குகிறீர்கள் என்று கேட்டார். நான் பழக்கவில்லை. நீர்தான் என்றால் நல்லது.

மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன். மன உளைச்சலால் பிள்ளைகளுக்கு மயிர் கொட்டும் என்று படித்தேன். கிழமையில் ஐந்து நாள் அவள் இருப்பது உம்மோடு. நீர் வேலையால் வந்து விழுந்து படுக்கிறீர், அவள் ரிவியோடு இருக்கிறாள். இது இப்படியே போனால் பிள்ளை என்னோடு இருக்கட்டும் என்று கோர்ட்டில் கேட்கச் சொல்லி சொலிசிற்றருக்கு எழுதப் போகிறேன். மிரட்டலுக்குச் சொல்லவில்லை.

ஜெனோசன்


பிளேஸ்டோ
14.02.2025, வெள்ளி

ஜெனோசனுக்கு,

எழுதுங்கள். நல்லாக எழுதுங்கள். முதியோர் இல்லத்தில் ஆறு கிழவிகளைத் தூக்கிக் குளிப்பாட்டிவிட்டு வந்து நான் விழுந்து படுக்கிறேன் என்றும் எழுதுங்கள். வெள்ளியும் சனியும் ஞாயிறும் சினிமாவும் பீற்சாவும் காட்டிவிட்டு அனுப்புகிறவருக்கு எழுத நேரம் நிறைய இருக்கும்.

லாபிலிருந்து பதில் வந்துவிட்டது. பங்கசு இல்லை. ஆகவே அக்காவின் சீப்பு தப்பிவிட்டது. ஜீபி பெரியாஸ்பத்திரித் தோல் டொக்டருக்கு எழுதியிருக்கிறார். எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாது.

அந்த இரண்டாவது இடம் உங்கள் வீட்டில் வந்தது. நான் வியாழன் தலை இழுக்கும்போது இல்லை, ஞாயிறு வரும்போது இருந்தது. இதற்கு என்ன சொல்லப் போகிறீர்கள்? என் வீட்டில் தொடங்கியது என்று எழுதினீர்களே. இது உங்கள் வீட்டில்தான் தொடங்கியது, திகதியோடு சொல்கிறேன்.

அவள் குளியலறைக்குள் போனால் வெளியே வர அரை மணித்தியாலம். கதவைத் தட்டினேன். என்னுடைய போனின் வெளிச்சத்தைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு கண்ணாடிக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். எதைப் பார்க்கிறாய் என்றால் அழுகிறாள். என்னால் வேலையில் நிற்க ஏலவில்லை, வீட்டில் இருக்கவும் ஏலவில்லை. ஒரு நாளைக்கு இருபது தரம் அவளுடைய தலையையே பார்க்கிறேன். அவளும் நான் பார்ப்பதைப் பார்க்கிறாள். பார்க்காமல் இருக்க எனக்குத் தெரியவில்லை.

பிள்ளையை மட்டும் என்னிடமிருந்து எடுத்துவிடாதீர்கள். இதைக் கெஞ்சல் என்று எடுத்தாலும் சரி.

றொசாந்தி


ஸ்ட்ரெதம்
02.03.2025, ஞாயிறு

றொசாந்திக்கு,

உச்சியில் இருக்கிற இடம் பெருத்திருக்கிறது. இரண்டு வீட்டிலும் பெருக்கிறது போல. சொலிசிற்றருக்கு வியாழக்கிழமை எழுதிவிட்டேன். நீலத் தொப்பியை இங்கே விட்டுவிட்டாள், அடுத்த கிழமை தருகிறேன்.

ஜெனோசன்


பிளேஸ்டோ
21.03.2025, வெள்ளி

ஜெனோசனுக்கு,

யாரோ வராமல் விட்ட ஒரு அப்பொயின்ற்மென்ற் கிடைத்திருக்கிறது. செவ்வாய்க்கிழமை 25ஆம் திகதி, பதினொன்றரை. விட்டால் அடுத்தது ஓகஸ்ற்றில்தான். இரண்டு பேர் சுகவீன லீவில் நிற்பதால் மனேஜர் என்னை விடமாட்டேன் என்கிறார். காலில் விழாத குறையாகக் கேட்டுப் பார்த்துவிட்டேன். நீங்கள்தான் கூட்டிக்கொண்டு போக வேண்டும். பள்ளிக்கூட வாசலில் பத்து மணிக்கு வாருங்கள், நான் சொல்லி வைத்திருக்கிறேன்.

நான் வராததையும் சொலிசிற்றருக்கு எழுதலாம். ஆனால் டொக்டர் சொல்கிற ஒவ்வொரு சொல்லையும் எனக்கும் எழுதுங்கள்.

றொசாந்தி


ஸ்ட்ரெதம்
25.03.2025, செவ்வாய்

றொசாந்தி,

இதைக் கொப்பியில் எழுதவில்லை. தபாலில் போடுகிறேன். ஏன் என்று வாசிக்க விளங்கும். கொப்பியை இனி அவளுடைய பைக்குள் வைக்க வேண்டாம்.

டொக்டர் வயதான மனுசி, அவசரப்படவில்லை. வெளிச்சம் பூட்டிய பூதக்கண்ணாடியால் காதுக்குப் பின்னால் பார்த்தார், பிறகு உச்சியைப் பார்த்தார், நகங்களையும் பார்த்தார். இரண்டும் ஒன்றல்ல என்றார். காதுக்குப் பின்னால் இருப்பது அலோபீசியா, நாங்கள் புழுவெட்டு என்பது. உடம்பின் எதிர்ப்புச் சக்தி ஆள் மாறி, சொந்த மயிரின் வேரையே எதிரி என்று நினைத்துவிடுகிறதாம். தொற்றாது. பின்னலால் வருவதில்லை, ஷாம்பூவால் வருவதில்லை, தாய் வேலைக்குப் போவதாலோ தகப்பன் வேறு வீட்டில் இருப்பதாலோ வந்தது என்றும் யாராலும் சொல்ல ஏலாது. பலருக்குச் சில மாதங்களில் திரும்ப முளைக்கும். சிலருக்குத் திரும்பவும் விழும். முன்கூட்டிச் சொல்ல முடியாது என்றார். பூசுவதற்கு ஒரு கிறீம் தந்திருக்கிறார்.

உச்சியில் இருப்பது அதில்லை. அங்கே மயிர் ஒன்று நீளம், ஒன்று கட்டை, ஒன்று பாதியில் அறுந்தது. இது கையால் பிடுங்கியது என்றார். அப்படி இருக்காது என்று நான் சத்தம் போட்டேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. கதிரையை இழுத்து மரினாவுக்கு முன்னால் இருந்துகொண்டு, ஏசமாட்டோம், ஏன் பிடுங்குகிறாய் என்று சும்மா கேட்டார்.

மரினா இங்கிலிஷில் சொன்னாள், புழுவை எடுக்கிறதுக்கு.

என்ன புழு என்றார் டொக்டர். என் தலைக்குள் இருக்கிற புழு, அது மயிரை வெட்டுகிறது என்றாள். ரிங்வேர்ம் பார்த்த நேர்ஸும் வேர்ம் என்றுதான் சொன்னா, அப்பாவும் அம்மாவும் கொப்பியில் எழுதுகிறார்கள் என்றாள். பிறகு என்னுடைய பக்கம் திரும்பித் தமிழில் கேட்டாள். அவள் கேட்டதை அப்படியே எழுதுகிறேன்.

“அப்பா, நீங்கள் எழுதினீங்கள் அது அம்மாட வீட்டில தொடங்கினது எண்டு. அம்மா எழுதினவ உங்கட வீட்டில எண்டு. அது எந்த வீட்டுப் புழு?”

றொசாந்தி, அவள் முழுவதையும் வாசித்திருக்கிறாள். நான் குளிக்கும்போது, நீர் சமைக்கும்போது, விரலை வைத்து எழுத்துக் கூட்டி, ஒரு கடிதத்துக்கு ஒரு கிழமை எடுத்து வாசித்திருக்கிறாள். தெரியாத சொல்லைச் சந்திரவதனா ரீச்சரிடம் போய்க் கேட்டிருக்கிறாள். அங்கே சுவரில் பு, புழு என்று பச்சைப் படம் ஒன்று ஒட்டியிருக்கிறது, ஒவ்வொரு சனியும் நானே பார்த்திருக்கிறேன். வெட்டு என்றால் என்ன என்றும் கேட்டிருக்கிறாள். அவர் கத்தரிக்கோலைக் காட்டினாராம். நான் அந்தப் பாராட்டைக் கேட்டுவிட்டுப் பெருமையோடு வீட்டுக்கு வந்தேன்.

புழுவெட்டு என்ற சொல்லை நான் டொக்டருக்கு இங்கிலிஷில் விளக்க வேண்டி வந்தது. அவர் மரினாவிடம் சொன்னார், எங்களுடைய ரிங்வேர்ம் என்ற சொல்லிலும் வேர்ம் இருக்கிறது, உங்களுடைய சொல்லிலும் இருக்கிறது, ஆனால் இரண்டிலும் புழு இல்லை, பழைய ஆட்கள் தெரியாமல் வைத்த பெயர். பூதக்கண்ணாடியை அவளுடைய கையில் கொடுத்து என் தலையைப் பார்க்கச் சொன்னார். நான் குனிந்தேன். நெடுநேரம் தேடினாள்.

யாருடைய வீடு என்று கண்டுபிடித்தால் ஜட்ஜ் அந்த வீட்டுக்குப் போக விடமாட்டார் என்று நினைத்திருக்கிறாள். அதற்கு முதல் தானே எடுத்து எறிந்துவிட்டால் இரண்டு வீட்டுக்கும் வரலாம். அந்த டிஷ்யூவில் இருந்தது அதுதான், புழுவைத் தேடிப் பிடுங்கிய மயிர்.

சொலிசிற்றருக்கு இன்றைக்கே போன் செய்து அந்தக் கடிதத்தைத் திருப்பி எடுத்துவிட்டேன். முதலாவது வட்டம் யாருடைய பிழையும் இல்லை. இரண்டாவது என்னுடைய கையெழுத்து.

ஜெனோசன்


பிளேஸ்டோ
28.03.2025, வெள்ளி

ஜெனோசனுக்கு,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. வேலையில் உடுப்பு மாற்றும் அறையில் நின்று வாசித்தேன். அழுதேன், அதை ஒளிக்கவில்லை.

கடிதத்தைத் திருப்பி எடுத்ததற்கு நன்றி சொல்லப்போவதில்லை. அனுப்பியிருக்கவே கூடாது. ஆனால் இரண்டாவது இடம் உங்களுடைய கையெழுத்து மட்டும் இல்லை. கொப்பியை எடுத்து முதலிலிருந்து விரல் வைத்து வாசித்தேன், அவள் வாசிப்பதுபோல். அப்படி மெதுவாக வாசித்தால் எந்தச் சொல்லும் தப்பாது. வேகமாக எழுதியவை எல்லாம் கல்லுப் போலக் கிடக்கின்றன. “உங்கள் வீட்டில்தான் தொடங்கியது, திகதியோடு சொல்கிறேன்.” நான் எழுதியது. என்ன கெட்டித்தனம் எனக்கு.

அவளிடம் கேட்டேன். இவ்வளவு நாளும் தலைக்குள் புழு இருக்கிறது என்று பயந்துகொண்டு ஏன் என்னிடம் கேட்கவில்லை என்று. அவள் கோபப்படாமல் சொன்னாள்.

“கேட்டா நீங்கள் கொப்பியில எழுதுவீங்கள்.”

அதற்கு ஒரு பதில் உங்களுக்கு இருந்தால் சொல்லுங்கள்.

நேற்றிரவும் கை உச்சிக்குப் போனது. புழு இல்லை என்று தெரியும், ஆனாலும் கை போகுது என்கிறாள். அது பழக்கமாகிவிட்டது, ஏசாமல் விட வேண்டும், கைக்கு வேறு வேலை கொடுக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரித் தாளில் போட்டிருக்கிறது. நூலும் மணியும் வாங்கிக் கொடுத்திருக்கிறேன், உங்கள் வீட்டிலும் கொஞ்சம் வைத்திருங்கள். கிறீம் காலையும் மாலையும். அக்காவிடம் வெங்காயம் வேண்டாம் என்று நீங்களே சொல்லுங்கள், நான் சொன்னால் சண்டை.

பழைய கொப்பியை எறியவில்லை. கிழிக்கவும் இல்லை. அவளிடம் கேட்டுவிட்டு அலுமாரியின் மேல்தட்டில் வைத்தேன். புதிது ஒன்று வாங்கியிருக்கிறேன். இதில் பெரிய எழுத்தில், சின்னச் சொல்லில் எழுதுவோம். எங்களுக்குத் தெரிய அவள் வாசிக்கட்டும். எங்களுக்குள் ஏசுவதென்றால் தபால் இருக்கிறது, முத்திரை வாங்கி ஏசுவோம்.

நாங்கள் திரும்பச் சேருவோம் என்று அவள் நினைத்துவிடக் கூடாது. அதையும் அவளுக்குச் சொல்லிவிட்டேன். “தெரியும்” என்றாள்.

றொசாந்தி


ஸ்ட்ரெதம்
13.04.2025, குருத்தோலை ஞாயிறு

றொசாந்திக்கு,

இது புதுக் கொப்பி. மரினா பக்கத்தில் இருக்கிறாள். பூசையால் வந்து சோறு சாப்பிட்டோம். நான் எழுத எழுத அவள் வாசிக்கிறாள். இரண்டு இடத்தில் பிழை பிடித்துவிட்டாள்.

காதுக்குப் பின்னால் வெள்ளையாக, மெல்லியதாக மயிர் வருகிறது. பஞ்சு போல இருக்கிறது. உச்சியில் கொஞ்சம் வளர்ந்திருக்கிறது. இந்தக் கிழமை மூன்று தரம் கை போனது. மணி கோத்தாள்.

இன்று காலை பிடரியில் புதிதாக ஒரு வட்டம் கண்டேன். சின்னது. வழுவழுப்பாக இருக்கிறது. அவளுக்கும் கண்ணாடியில் காட்டினேன். கொஞ்சம் அழுதாள். நானும்.

இதை எழுதிவிட்டு நான் பேனையைத் தாளிலிருந்து எடுத்தேன். மரினா என் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அடுத்த வரியில் யாருடைய வீடு வரும் என்று பார்க்கிறாள் என்பது எனக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது.

“அவ்வளவுதானே அப்பா?” என்று கேட்டாள்.

“ஓம். அவ்வளவுதான்.”

ஜெனோசன்